முதுகுவலி என்று இறங்கியவன்

எங்கள் கப்பல் ஏஜென்சிகள் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று இரண்டு பேர் முத்தையாபுரத்தில் என் வீட்டுக்கு வந்தார்கள். தலைப்பையும் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள்: ‘செங்கடல் நெருக்கடியும் தூத்துக்குடி வர்த்தகமும்’.

“கன்டெய்னர் கெடைக்காம நாம பட்ட பாட்டை எழுதுங்க அண்ணாச்சி. வாடகை ஏறுனது, கப்பலெல்லாம் ஆப்பிரிக்காவச் சுத்திப் போனது, அத நாம எப்படிச் சமாளிச்சோம்னு. கடைசில கொஞ்சம் நம்பிக்கையா முடிச்சிருங்க” என்றார் ஒருவர்.

காப்பி கொடுத்து அனுப்பிவைத்தேன். அவர்கள் போன பிறகு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. அந்த நாட்களில் கன்டெய்னருக்காக அழுதவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஏற்றுமதிக்காரர்கள் அழுதார்கள், லாரிக்காரர்கள் அழுதார்கள், டிவியில் கோட்டு போட்டவர்கள்கூட அழுதார்கள். கப்பலில் மனிதர்கள் இருந்தார்கள் என்பது மட்டும் ஒருவர் வாயிலும் வரவில்லை. அதனால் அவர்கள் கேட்டதை விட்டுவிட்டு எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். போட்டால் போடட்டும்.

நான் ஒரு கப்பல் ஏஜென்சியில் போர்டிங் கிளார்க்காக இருந்தவன். கப்பல் துறைமுகத்தில் வந்து நின்றதும் ஏஜென்சியின் சார்பில் மேலே ஏறிப் போகிறவன் போர்டிங் கிளார்க். கேப்டனைப் பார்ப்பது, சுங்கத்துக்கும் குடியேற்றத்துக்கும் வேண்டிய வேலைகளை முடிப்பது, மாலுமிகள் ஊருக்குள் போய்வர ஷோர் பாஸ் வாங்கிக் கொடுப்பது, யாருக்காவது பல்வலி என்றால் டாக்டரிடம் அழைத்துப் போவது எல்லாம் அவன் வேலை. சாத்தான்குளத்தில் மிஷன் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வந்த எனக்கு, ஆடுகிற ஏணியில் விழாமல் ஏறப் பழகியதும், பல நாட்டுக் கேப்டன்கள் பேசும் ஆங்கிலத்தைப் புரிந்துகொள்ளப் பழகியதும்தான் பயிற்சி. மற்றதெல்லாம் வேலை தானாகக் கற்றுக்கொடுத்தது.

எங்கேயோ சண்டை, நமக்கென்ன என்று யாராவது சொன்னால் எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வரும். இந்த ஊருக்கு அது பொருந்தவே பொருந்தாது. கொற்கைக்கு முத்து வாங்க வந்த மேற்கத்திக்காரனும் செங்கடல் வழியாகத்தானே வந்தான். கொற்கையில் இப்போது கடல் இல்லை, வாழைதான் இருக்கிறது. ஆனால் வழி மாறவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வளைகுடாவில் போர் மூண்டது. கடற்கரை ஊர்களிலிருந்து பெண்கள் பஸ் ஏறி வந்து எங்கள் ஆபீஸ் படியில் உட்கார்ந்துகொள்வார்கள். “எங்க வீட்டுக்காரரு கப்பலு எங்கன நிக்கி?” என்பதுதான் அவர்கள் கேள்வி. அன்றைய மேனேஜர் வேலையைப் போட்டுவிட்டு, சுவரில் இருந்த உலகப் படத்தில் ஒவ்வொருத்திக்கும் விரலை வைத்துக் காட்டுவார். தெரியாவிட்டால் தெரியாது என்பார். அவர் போனதோடு அந்தப் படமும் போய்விட்டது.

பிறகு வந்த மேனேஜரின் கீழ்தான் நான் அதிக காலம் வேலை பார்த்தேன். குரலை உயர்த்தாத மனிதர். கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் இரண்டு பக்கமும் நிதானமாகத் துடைத்து, மாட்டிக்கொண்ட பிறகுதான் பேசுவார். கட்டளை என்று எதையும் சொல்லமாட்டார். எல்லாவற்றையும் கேள்வியாகவே கேட்பார். “அத நாம ஏன் சொல்லணும்?” “இதுல நமக்கு என்ன இருக்கு?” பதில் சொல்லத் தெரியாமல் நாம் நிற்கும்போது வேலை அவர் இஷ்டப்படி முடிந்திருக்கும். பின்னால் ஏதாவது வில்லங்கம் வந்தால் அவர் எதையுமே சொல்லியிருக்கமாட்டார், கேட்டிருப்பார் அவ்வளவுதான். கடற்கரை ஊர்களின் பழக்கவழக்கமெல்லாம் அவருக்கு அத்துப்படி. எந்த வீட்டில் எத்தனை பேர் கப்பலுக்குப் போகிறார்கள், யார் வேலையில்லாமல் காத்திருக்கிறார்கள் என்று என்னைவிட நன்றாகத் தெரியும்.

அந்தப் பழக்கங்களில் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். கப்பலில் இருக்கும் ஒருவன் தங்கை கல்யாணத்துக்கோ காய்ச்சலுக்கோ பாதியில் இறங்கினால், அவன் இடத்துக்கு அதே வீட்டிலிருந்து இன்னொருவன் ஏறுவான். தம்பியோ, மச்சினனோ, சித்தப்பா மகனோ. ‘இடம் வெளிய போயிரக் கூடாது’ என்பார்கள். ஆள் எடுக்கும் ஏஜென்ட்டும் முதல் போனை அந்த வீட்டுக்குத்தான் போடுவான். ஒரு வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்க அந்த மக்களே கண்டுபிடித்துக்கொண்ட ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

செங்கடலில் கப்பல்கள் மேல் ஏவுகணை விழத் தொடங்கிய காலம். பெரிய கம்பெனிகள் பல, கப்பலை ஆப்பிரிக்காவின் அடிவரை சுற்றி அனுப்பத் தொடங்கிவிட்டன. இங்கே மருந்துக்கு ஏற்றுமதியாகும் நிலாவரை இலையும் கருவாடும் கன்டெய்னர் கிடைக்காமல் குடோனில் கிடந்தன. அப்போதுதான் நிலக்கரி கொண்டுவந்த கப்பல் ஒன்று எங்கள் ஏஜென்சிக்கு வந்தது. அதில் சேவியர் இருந்தான். திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரன். தளத்தில் வேலை செய்யும் மாலுமி. அவன் மனைவி ஜெனிட்டா கொடுத்தனுப்பும் கருப்பட்டியையும் மாசிக் கருவாட்டையும் முன்பும் சில கப்பல்களில் அவனிடம் நான் சேர்த்திருக்கிறேன். சொந்த ஊர்த் துறைமுகத்துக்குக் கப்பல் வந்ததில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

கேப்டன் வெளிநாட்டுக்காரர், நல்ல மனிதர். எனக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அடுத்த சரக்கு ஐரோப்பாவுக்கு, செங்கடல் வழியாகத்தான் போக வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டதாகச் சொன்னார். சுற்றிப் போனால் எண்ணெயும் நாளும் கூடுதலாம். மாலுமிகளிடம் கப்பல் கிளம்பிய பிறகு சொன்னால் போதும் என்று உத்தரவாம். அவர் கை கோப்பையை மேசையில் வைக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தது.

போர் நடக்கும் கடலுக்குள் போகமாட்டேன் என்று சொல்ல மாலுமிக்கு உரிமை உண்டு. சொன்னால் இறக்கிவிட்டு, கம்பெனி செலவில் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் போகும் வழியே தெரியாதவன் எப்படி மறுப்பான்? ஆபீசுக்கு வந்ததும் மேனேஜரிடம் போய் நின்றேன்.

“சார், பையன்களுக்குச் சொல்லணும்லா? கரையில இருக்கும்போதுதான எறங்க முடியும்?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார்.

“ஞானராஜ், நாம யாரோட ஏஜென்ட்? மாலுமியோடதா, கப்பலோடதா?”

“கப்பலுக்குத்தான் சார்.”

“பெறகு அத நாம ஏன் சொல்லணும்?”

மறுநாள் காலை ஷோர் பாஸ் கொடுக்கப் போனேன். அதற்கென்று ஒரு முறை உண்டு. மாலுமிகள் எல்லோரும் சாப்பாட்டு அறையில் கூடுவார்கள். பெயரைச் சத்தமாகக் கூப்பிட வேண்டும். ஆள் முன்னால் வந்து முகத்தைக் காட்ட வேண்டும். பாஸில் இருக்கும் படத்தையும் முகத்தையும் பார்த்துக் கையில் கொடுக்க வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் ஒரு கப்பலில் இருக்கும் ஒவ்வொரு மனிதனின் முகத்தையும் கரையில் உள்ள ஒருவன் நேருக்கு நேர் பார்ப்பது அப்போது மட்டும்தான். கேப்டனும் சீஃப் ஆபீசரும் பக்கத்தில் நின்றார்கள். தமிழ் தெரிந்தவர்கள் நானும் சேவியரும் மட்டும்.

அவன் பெயர் வந்தது. பெயர் கூப்பிட்ட அதே குரலில், பாஸைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னேன்:

“சேவியர், மூஞ்சிய மாத்தாம கேளு. கப்பல் செங்கடலுக்குப் போகுது. மாட்டேன்னு சொல்ல ஒனக்கு உரிமை இருக்கு. இங்கன வச்சுச் சொன்னாத்தான் உண்டு. சரின்னா பாஸை வாங்கிக்கோ.”

அவன் முகம் மாறத்தான் செய்தது. கை நீட்டிப் பாஸை வாங்கிக்கொண்டான். கேப்டன் என்னைப் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்ததோ, சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று மதியமே சேவியர் கேப்டனிடம் போய், அந்த வழியில் வரமாட்டேன், இறக்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டான். கம்பெனியிலிருந்து மேனேஜருக்குப் போன் வந்தது. ஒருவன் பயந்து இறங்கினான் என்று தெரிந்தால் மற்றவர்களும் இறங்குவார்கள் என்பது அவர்கள் கவலை. மேனேஜர் சேவியரை ஆபீசுக்கு வரவழைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்தார். நானும் அங்கே இருந்தேன்.

“தம்பி, மறுத்து எறங்கினான்னு பேரு வந்தா நாளைக்கு எந்தக் கப்பல்ல ஒன்ன எடுப்பான்? முதுகுவலின்னு எறங்குனா ஒனக்கும் நல்லதுதான? ஊர்லயும் எதுக்குப் பயந்தாங்கொள்ளின்னு பேரு வாங்கணும்?”

‘ஊர்’ என்ற சொல்தான் அவனைச் சாய்த்தது. ஆழியைக் கண்டு அஞ்சியவன் என்று ஒருவனைப் பற்றிச் சொல்லிவிட்டால் அந்தக் கரையில் அவன் மட்டுமல்ல, அவன் பிள்ளையும் தலை தூக்க முடியாது. சேவியர் சரி என்றான். வாசலில் வைத்து அவன் கையைப் பிடித்தேன்.

“ஏலே, வீட்டுலயாவது உண்மையச் சொல்லு.”

“சொல்லுதேன் அண்ணாச்சி” என்றான். சொல்லவில்லை. முதுகுவலி, இறங்கிவிட்டேன், மருத்துவப் பரிசோதனை முடிந்ததும் வருகிறேன் என்று ஜெனிட்டாவுக்குப் போனில் சொல்லியிருக்கிறான்.

பரிசோதனை என்ற பேரில் அவனைக் கப்பல் கிளம்பும்வரை டவுனில் ஒரு லாட்ஜில் வைத்திருந்தார்கள். என்னை மேனேஜர் கூப்பிட்டார். “இந்த வெயில்ல நீங்க எதுக்கு ஏணி ஏறி எறங்கணும் ஞானராஜ்? ஆபீஸ்லயே இருங்களேன்?” என்று கேட்டார். முப்பது வருஷத்துக்கும் மேல் வெயிலில் அலைந்தவன் மேல் திடீரென்று பொங்கிய பாசம் எதற்கென்று எனக்குத் தெரியாதா? அந்தக் கப்பலுக்குள் நான் மறுபடி கால் வைக்கக் கூடாது, அதுதான். புறப்படும் முன் செய்யும் ஆள் சரிபார்ப்பும் கம்ப்யூட்டரில் வந்துவிட்டது. கப்பலிலிருந்தே முகப்படங்களை அனுப்பிவிடுவார்கள். ஏணியும் வேண்டாம், சாப்பாட்டு அறையும் வேண்டாம், பெயர் கூப்பிடவும் வேண்டாம்.

நான் திரையில் படங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். புதிதாக ஏறியவன் படம் வந்தது. பெயர் டெரன்ஸ். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கிறேன். ஜெனிட்டாவோடு கருப்பட்டிப் பையைத் தூக்கிக்கொண்டு துறைமுக வாசலுக்கு வருவானே, அவளுடைய தம்பி. கப்பல் கிடைக்காமல் வெகுநாளாய் வீட்டில் இருந்தவன். நாற்காலியைத் தள்ளிவிட்டு மேனேஜர் அறைக்குள் போனேன்.

“சார், சேவியர் மச்சினனையா ஏத்திருக்கீங்க?”

“நாம எங்க ஏத்துனோம்? ஆள் வேணும்னு அந்த வீட்டுல ஒரு வார்த்த சொன்னோம். எடம் வெளிய போயிரக் கூடாதுன்னு அவங்களே ஓடி வந்தாங்க. அவங்க பழக்கம்தான ஞானராஜ்?”

அந்த மனிதரை அடிக்கக் கை ஓங்காமல் இருந்ததற்கு என் பள்ளி வாத்தியார்களுக்குத்தான் அவர் நன்றி சொல்ல வேண்டும். அந்த மக்கள் பசிக்காகச் சேர்த்துவைத்திருந்த ஒரு வழக்கத்தை எடுத்து, அவர்கள் கழுத்துக்கே சுருக்காகப் போட்டுவிட்டார். ஓடினேன். கப்பலை வெளியே கொண்டுபோகும் பைலட் ஏறிவிட்டார், கயிறுகளை அவிழ்த்துவிட்டார்கள். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் தெரிந்தது. தளத்தில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் என்னைப் பார்த்துக் கையாட்டினான். டெரன்ஸ்தான். இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினேன். வழியனுப்புகிறேன் என்று நினைத்து அவனும் இரண்டு கையையும் ஆட்டினான்.

சேவியர் வீட்டுக்குப் போனபோது ஜெனிட்டா சந்தோஷமாக வரவேற்றிருக்கிறாள். உடம்புக்கு முடியாமல் வருகிறவனுக்கு நல்ல செய்தியை நேரில் சொல்வோம் என்று போனில் சொல்லாமல் வைத்திருந்தாளாம். “ஒங்க எடம் வெளிய போகல. நம்ம தம்பி ஏறிட்டான். ஐரோப்பா போறானாம்” என்றாளாம். சேவியர் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். பிறகுதான் முதுகுவலி இல்லை என்பதைச் சொல்லியிருக்கிறான். இருவரும் சேர்ந்து டெரன்ஸுக்குப் போன் போட்டு, கப்பலின் வைஃபையில் அவனைப் பிடித்தார்கள். கப்பல் அப்போது நடுக்கடலில் இருந்தது. வழி அவனுக்கும் தெரிந்துவிட்டிருந்தது. அவன் சொன்னதைச் சேவியர் என்னிடம் ஒருமுறைதான் சொன்னான்.

“கரையில வச்சு ஒரு வார்த்த சொல்லிருந்தா ஏறிருக்க மாட்டேன்லா அத்தான்? இப்ப கடல்ல எங்கன எறங்க?”

கப்பல் செங்கடலில் அடிபட்டது. எந்த நாட்டுக்கும் எந்தச் சண்டைக்கும் அந்தக் கப்பலால் ஒரு உபயோகமும் இல்லை. அதில் இருந்தது சரக்கு. அதை ஏற்றியவனுக்கும் ஏவுகணை விட்டவனுக்கும் டெரன்ஸ் என்று ஒருவன் பிறந்ததே தெரியாது. ஆபீசில் மேனேஜர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: “கப்பல் தப்பிச்சிட்டு. சரக்குக்கும் ஒண்ணும் இல்ல.” சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். நாங்கள் மூச்சு விட்டோம். அதற்குப் பிறகுதான், “ஒரு ஆளு மட்டும்” என்றார்.

அந்த ‘மட்டும்’ என்ற சொல்லை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அன்றே வேலையை விட்டேன். ஓய்வுக்கு மிச்சமிருந்த மாதங்களை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

உடல் வந்து சேரப் பல நாளானது. பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் ஜெனிட்டா என்னிடம் வந்தாள். அழுது முடித்த முகம்.

“எங்க வீட்டுக்காரர எறக்கிவிட்டீங்க. கோடிப் புண்ணியம். ஆனா அவர் வெறும் முதுகுவலின்னாருல்லா அண்ணாச்சி. பயமா இருக்கு, அதான் எறங்குனேன்னு சொல்லிருந்தா, நான் என் தம்பி கைல பையக் குடுத்திருப்பேனா?”

கொஞ்சம் தள்ளி நின்ற சேவியருக்கு அது கேட்டது. அவனுக்கு அதன் பிறகு எந்தக் கப்பலிலும் இடம் கிடைக்கவில்லை. முதுகுவலி என்று இறங்கினால் பெயர் கெடாது என்றாரே மேனேஜர், அதுவும் பொய். இப்போது துறைமுகத்தில் கன்டெய்னர்களைக் கட்டும் கூலி வேலைக்கு வருகிறான். அந்த மேனேஜரைச் சங்க விழாவில் மேடையேற்றிச் சால்வை போட்டார்கள், நெருக்கடி நேரத்தில் வர்த்தகம் தடைபடாமல் காத்தார் என்று.

டெரன்ஸின் ஆண்டு நினைவுப் பூசைக்கு அந்த ஊருக்குப் போயிருந்தேன். பூசை முடிந்து கோயிலுக்கு எதிர்வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அந்த வீட்டின் மூத்த மகன் ஒரு கப்பலில் இருந்து இறங்கிவிட்டானாம். காய்ச்சலாம். தம்பிக்கு அன்று காலையே ஏஜென்ட்டிடமிருந்து போன். பை கட்டி வாசலில் வைத்திருந்தது. அவன் அம்மா உள்ளே கருவாட்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஜெனிட்டா எழுந்து அவனிடம் போனாள். “ஏலே, ஒங்க அண்ணன் எதுக்கு எறங்குனான்?”

“காய்ச்சல்னான்.”

“அவன்ட்ட திரும்பக் கேளு.”

அந்தப் பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. “என்னக்கா, எங்க அண்ணனப் பயந்தாங்கொள்ளிங்கியளா?”

அப்போது சேவியர் எழுந்தான். அந்த ஊர் ஆண்கள் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். அவர்களைப் பார்த்தே சொன்னான்.

“எனக்கு முதுகுவலி இல்லலே. நான் பயந்துதான் எறங்குனேன். செத்துருவேன்னு பயந்தேன். அத வெளிய சொல்ல வெக்கப்பட்டுத்தான் டெரன்ஸக் குடுத்தேன்.”

பையன் போனை எடுத்து ஏஜென்ட்டையே கூப்பிட்டான். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான்.

“சார், கப்பல் எந்த வழியா போவுது?”

“ஐரோப்பாப்பா. அதான் சொன்னேன்லா.”

“எந்த வழியா சார்?”

எதிர்முனையில் போனை வைத்துவிட்டார்கள். பையன் மறுபடி போட்டான். அந்த நம்பர் வேறொரு அழைப்பில் இருந்தது. சற்று நேரத்தில் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டிலிருந்து, “ஏளா, கப்பலுக்கு ஆள் கேக்காங்க, தம்பிய எழுப்பு!” என்று ஒரு பெண் சந்தோஷமாகக் கூப்பிடுவது கேட்டது. ஜெனிட்டா செருப்பைக்கூட மாட்டாமல் அந்தப் பக்கம் ஓடினாள்.